ஜனவரியில் பீம்தால், நைனிதால் பக்கம் என்னென்ன திறந்திருக்கும்?

மயூர்விகார்_மகள்
14 டிசம்பர் 2024

வணக்கம். கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் இந்த மாதக் கடைசியில் தில்லியில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போன ஜனவரியில் வந்தபோது அப்பா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். காலையில் எழுந்ததும் பால்கனிக் கதவைத் திறந்து, பனிப்புகையில் எதிர் அடுக்குமாடி தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாது. கதவைச் சாத்திவிட்டு இருமத் தொடங்குவார். ஒரு நாள், "வெயிலைப் பார்த்து ஒன்பது நாள் ஆகிறதம்மா" என்றார். விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறார். அந்த வார்த்தை ஒரு வருடமாக என் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் இந்த முறை அவர்களை உத்தராகண்டில் குமாவுன் மலை ஏரிகள் பக்கம் அழைத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். மகனுக்கு ஜனவரி 15 வரை குளிர்கால விடுமுறை. 11 சனிக்கிழமை கிளம்பி 15 புதன்கிழமை திரும்புவதாக உத்தேசம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், "ஜனவரியில் அங்கே என்ன இருக்கிறது? படகு ஓடாது, கடை இருக்காது, ரோடு பனியில் மூடிவிடும்" என்கிறார். எங்கே தேடினாலும் மே, ஜூன் மாதத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 73 வயது. பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் மதகு, வாய்க்கால், கரை என்றே இருந்தவர். தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனால் போதும், மனிதர் மலர்ந்துவிடுவார். வலது முழங்கால் மட்டும் ஏற்றத்துக்கு ஒத்துவராது. அம்மாவுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனால் பொங்கலுக்கு மறுநாள் கனுவன்று காக்கைக்குக் கனுப்பிடி வைக்க வீட்டில் இருந்தாக வேண்டும் என்கிறார். கனு 15ஆம் தேதி காலையில் வருகிறது. எங்கள் பால்கனியில் வைத்தால் புறாக்கள்தான் தின்கின்றன என்று அதற்கும் வருத்தம். மகன் ஐந்தாம் வகுப்பு. விலங்கு, பறவை என்றால் உயிர்.

உண்மையிலேயே ஜனவரியில் அங்கே போனவர்கள் சொல்லுங்கள். என்ன திறந்திருக்கும்? எங்கே தங்கலாம்?

---

கோல்மார்க்கெட்_டீச்சர்
14 டிசம்பர் 2024

அம்மா, தைரியமாக அழைத்துப் போங்கள். நான் 19 ஜனவரிகளாக அந்தப் பக்கம் போய்வருகிறேன். பள்ளியில் வேலை பார்த்தபோது கிடைத்த ஒரே நீண்ட விடுமுறை அதுதான். ஓய்வு பெற்ற பிறகு மே மாதத்திலும் ஒரு முறை போய்ப் பார்த்தேன். ஏரியைச் சுற்றிக் கார்கள் வரிசை கட்டி நின்றன. மறுபடியும் ஜனவரிக்கே திரும்பிவிட்டேன்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன், உங்கள் அப்பா கேட்டது அதைத்தானே. தில்லியில் பனிப்புகைக்குள் ரயில் ஏறுவீர்கள். ராம்பூர், ருத்ரபூர், ஹல்த்வானி வரைக்கும் ஜன்னலில் வெள்ளைத் திரைதான். காத்கோதாமில் தண்டவாளம் முடிகிறது, மலை தொடங்குகிறது. ராணிபாக் தாண்டி வண்டி சில வளைவுகள் ஏறியதும் மூட்டம் காலுக்குக் கீழே போய்விடும். மேலே நீல வானம், முகத்தில் அடிக்கும் வெயில். குளிர்ந்த காற்று கனமானது; சமவெளியில் அது புகையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தேங்கிக் கிடக்கிறது. மலை அதற்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த வளைவில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

தங்குவதற்கு நைனிதால் வேண்டாம், பீம்தால் போங்கள். நைனிதால் ஏரி 1,938 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பீம்தால் சுமார் 1,370 மீட்டர். அந்த வித்தியாசம் இரவில் எலும்பில் தெரியும். நைனிதால் ஒரு கிண்ணம் போன்ற ஊர். அயார்பாட்டா மலைச்சரிவில் அறை அமைந்துவிட்டால் பகலிலேயே நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பீம்தாலில் பள்ளத்தாக்கு அகலமானது. அறை பதிவு செய்யும்போது ஏரி தெரியுமா என்று கேட்காதீர்கள். காலை 9 மணிக்கு வெயில் எங்கே விழும் என்று கேளுங்கள். தெற்கு பார்த்த முற்றமும் இரண்டு நாற்காலியும் இருந்தால் உங்கள் அப்பாவுக்கு அதுவே போதும். மலைக்காரர்கள் பழைய நாளில் குளிர்காலத்துக்கு ஆடு மாடுகளோடு அடிவாரத்துக்கு இறங்கிவிடுவார்கள். வெயில் காயப் போவதாகத்தான் அதைச் சொல்வார்கள். புலி வேட்டைக் கதைகள் எழுதிய ஜிம் கார்பெட்டின் குடும்பமும் அப்படித்தான்: கோடையில் நைனிதால், குளிருக்கு அடிவாரத்துக் காலாதூங்கி. அந்தக் குளிர்கால வீடுதான் இன்று அருங்காட்சியகம். கடைசி நாள் இறங்கும்போது நேரம் இருந்தால் பாருங்கள். காட்டுப் பன்றிகள் பயிரில் இறங்காமலிருக்கத் தன் கிராமத்தைச் சுற்றி அவர் கட்டிய கல்மதிலும் அங்கே இருக்கிறது.

படகு எல்லா ஏரியிலும் ஓடும். படகுக்காரர்கள் விடியற்காலையில் வர மாட்டார்கள், அவ்வளவுதான்; 10 மணிக்கு மேல் போங்கள். ஜனவரியில் பகல் என்றால் 10 முதல் 4 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பார்ப்பதைப் பார்த்து, இருட்டுவதற்குள் ரஜாய்ப் போர்வைக்குள் போய்விட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்று திட்டம் போடாதீர்கள்.

பீம்தாலில் உங்கள் அப்பாவுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஏரியின் ஒரு முனையில் அணை, 1883இல் கட்டியது. அந்தத் தண்ணீர் கீழே ஹல்த்வானிப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. அணையை ஒட்டியே பீமேசுவரர் கோயில், 17ஆம் நூற்றாண்டில் குமாவுன் ராஜா பாஜ் பகதூர் சந்த் கட்டிய கற்கோயில். ஏற்றம் கிடையாது. ஊருக்கு அருகில் குட்டானியில் யசோதர் மட்பால் அமைத்த நாட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. பாறை ஓவியங்களை நகலெடுப்பதில் ஆயுளைச் செலவிட்டவர் அவர். ஏர், மத்து, மர உழக்கு, பழைய ஏடு எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நைனிதாலுக்குத் திங்கள்கிழமை போங்கள். சனி, ஞாயிறில் கைஞ்சி தாம் ஆசிரமத்துக்குப் போகிற கூட்டமும் சேர்ந்து மலைப்பாதை அடைத்துக்கொள்ளும். மிருகக்காட்சிசாலைக்குத் திங்கள் விடுமுறை என்பது மட்டும் பேரனுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அது செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது, தாத்தா இல்லாமல் போவதைவிட எல்லோரும் சேர்ந்து இருப்பது நல்லது. மல்லிதாலிலிருந்து ரோப்கார் மேலே ஸ்னோ வியூவுக்குப் போகும். மேகம் இல்லாவிட்டால் நந்தாதேவியும் திரிசூலும் தெரியும். மே மாதத் தூசியில் இந்தக் காட்சி கிடைக்காது. டிபன் டாப் மலையுச்சிக்குப் போக வேண்டாம். அங்கிருந்த டாரதி இருக்கை என்ற கல் மேடை 2024 ஆகஸ்டு நிலச்சரிவில் இடிந்து விழுந்துவிட்டது.

அப்பாவை மறக்காமல் தல்லிதால் முனைக்கு அழைத்துப் போங்கள். ஏரியின் மதகு அங்கேதான். அங்கிருந்து வழியும் தண்ணீர்தான் பலியா ஆறு. படகில் போகும்போது நடு ஏரியில் வரிசையாகக் குமிழி வருவதையும் காட்டுங்கள். குளிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்கும், அடித்தண்ணீர் மேலே வரும். சாக்கடையும் மண்ணும் சேர்ந்து அடித்தண்ணீரில் உயிர்வளி இல்லாமல் போய், முன்பெல்லாம் இந்தப் பருவத்தில் மீன்கள் செத்து மிதக்கும். 2007 முதல் குழாய் போட்டு அடியில் காற்றை ஊதுகிறார்கள். அந்தக் குமிழிதான் அது.

பனி பெய்யுமா என்று கேட்பீர்கள். பெய்தாலும் பெய்யும், பெய்யாமலும் போகும். அதை நம்பிப் போகாதீர்கள்.

---

துவாரகாவாசி
15 டிசம்பர் 2024

டீச்சர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வயதானவர்களும் குழந்தையும் வருவதால் என் அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஜனவரியில் சொந்தக் காரில் அதே பக்கத்து மலையூரான முக்தேசுவரம் போனோம். முதல் நாள் பனி பெய்து நின்றிருந்தது. வெயில் படாத ஒரு வளைவில் ரோடு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. சக்கரம் வைத்ததும் கார் தானாகத் திரும்பிப் பள்ளத்தின் பக்கம் போய் நின்றது. அது ஈரமில்லை, கண்ணாடி மாதிரி உறைந்த பனி. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் ஜனவரியில் அங்கே ஓட்ட வேண்டாம். காத்கோதாமில் உள்ளூர் டாக்ஸி பிடியுங்கள்.

அதைவிட முக்கியமானது இது. நாங்கள் தங்கிய விடுதியில் ஹீட்டர் இருக்கிறது என்று சொல்லி முன்பணம் வாங்கினார்கள். போனால், கரி போட்ட கணப்புச் சட்டி ஒன்றைத்தான் அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை இறுக்கிச் சாத்திக்கொண்டு படுத்தோம். நடு இரவில் மகள் வாந்தி எடுத்தாள். என் மனைவிக்குத் தலை சுற்றியது. ஏதோ தோன்றி நான் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்து உட்காரவைத்தேன். அரை மணி நேரத்தில் சரியானது. கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்கினவர்களை அப்படியே கொண்டுபோய்விடும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். மகள் வாந்தி எடுக்காமல் தூங்கியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூடிய அறையில் கரிக் கணப்பு வேண்டவே வேண்டாம். வெந்நீர்ப் பை ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.

---

கோல்மார்க்கெட்_டீச்சர்
15 டிசம்பர் 2024

துவாரகாவாசி, குழந்தை நலமாக இருக்கிறாளே, அது போதும். அம்மா, இதை உங்கள் கணவரிடமும் படித்துக் காட்டுங்கள். கணப்பு முற்றத்தில் எரியட்டும், சுற்றி உட்கார்ந்து காயலாம்; படுக்கும் அறைக்குள் வரக் கூடாது. முக்தேசுவரத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்த இடம்தான், இருந்தாலும் முழங்கால் வலியோடு 2,200 மீட்டருக்கு மேல் ஜனவரி இரவு வேண்டாம்.

---

யமுனைக்கரைப்_பறவையாளர்
16 டிசம்பர் 2024

ஐந்தாம் வகுப்புப் பையனுக்காக எழுதுகிறேன். தம்பி, மிருகக்காட்சிசாலை மூடியிருந்தால் கவலைப்படாதே. சாத்தால் போ.

குளிர்காலத்தில் மேல் இமயத்தில் பூச்சியும் பழமும் இல்லாமல் போவதால் பறவைகள் கீழே இறங்கிவிடும். அவை வந்து தங்கும் உயரம் இந்த ஏரிகளின் உயரம்தான். மனிதர்கள் ஜூனில் மேலே ஏறுகிறார்கள், பறவைகள் ஜனவரியில் கீழே வருகின்றன. பாதி வழியில் சந்திக்க வேண்டும் என்றால் ஜனவரியில்தான் போக வேண்டும். சாத்தாலில் ஓக் மரமும் பைனும் சூழ ஒன்றோடொன்று தொடுத்த ஏரிகள் இருக்கின்றன. ஏரிக்கு இறங்குவதற்கு முன்னால் சிறு நீர்க்கசிவுகள் இருக்கும் இடங்களில் புகைப்படக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நீயும் சத்தம் போடாமல் உட்கார். சிவப்பு அலகும் உடம்பைவிட நீளமான வாலுமாக ஒரு நீலப் பறவை கூட்டமாக வரும். அது காக்கைக் குடும்பம்தான் என்றால் உன் பாட்டி நம்ப மாட்டார்.

பெரியவர்களுக்கு: தாத்தாவால் இறங்க முடியாவிட்டால், சாஃபி என்ற கிராமத்தில் கல்சா ஆற்றின் கரை நல்ல இடம். ரோட்டோரத்திலேயே நாற்காலி போட்டுக் காத்திருக்கலாம். ஓடைப் பாறையில் வெள்ளைத் தொப்பி போட்டது மாதிரி உச்சந்தலையும் செங்கல் நிற வயிறுமாக ஒரு குருவி வாலை விரித்து விரித்து மடக்கும். ஊர்ப்பக்கத்து மீன்கொத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக, கறுப்பு வெள்ளைப் புள்ளியும் கலைந்த கொண்டையுமாக ஒரு மீன்கொத்தி உண்டு. பையன் அதைப் பார்த்துவிட்டால் வேறு எதுவும் கேட்க மாட்டான். சிவப்பு, மஞ்சள் சட்டைகளைத் தவிருங்கள். ஒலிபெருக்கியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்கும் வழிகாட்டி வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிரில் ஒவ்வொரு பறவைக்கும் அன்றைய இரை தேடவே பகல் போதாது, அதை ஏமாற்றி அலைக்கழிக்கக் கூடாது.

---

காவலூர்ப்பக்கத்துக்காரன்
16 டிசம்பர் 2024

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. நைனிதால் அருகே மனோரா சிகரத்தில் ஆரியபட்டா ஆய்வு நிலையம் இருக்கிறது. 1954இல் காசியில் தொடங்கி, மறு ஆண்டு நைனிதாலுக்கு வந்து, 1961 முதல் மனோராவில் இயங்கும் வானியல் நிலையம். 1972இலிருந்து 104 சென்டிமீட்டர் தொலைநோக்கி அங்கே வேலை செய்கிறது. கொஞ்சம் தள்ளி தேவஸ்தலில் 2016இல் வந்த 3.6 மீட்டர் தொலைநோக்கியும் இவர்களுடையதுதான்.

அந்த நிலையத்தைத் தொடக்க ஆண்டுகளில் பொறுப்பேற்று நடத்தியவர் வானியலாளர் வைணு பாப்பு. 1960இல் கொடைக்கானலுக்கு வந்து, பிறகு ஜவ்வாது மலையில் எங்கள் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். சிறுவயதில் காவலூர்க் குவிமாடத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். தில்லிக்கு வேலைக்கு வந்தபின் மனோராவில் ஏறி நின்று, இங்கிருந்துதானே அவர் நம் ஊருக்கு வந்தார் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அனுமதி முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும், நேராகப் போய் நிற்காதீர்கள்.

உங்கள் தேதியில் 13ஆம் தேதி பௌர்ணமி, ஆருத்ரா தரிசனமும் அன்றுதான். நிலவொளியில் சிறு நட்சத்திரங்கள் மங்கிவிடும். ஆனால் நிலவுக்கு அருகிலேயே செவ்வாய் சிவப்பாகத் தெரியும், வியாழனும் பளிச்சென்று இருக்கும். திருவாதிரை நட்சத்திரத்தையே அம்மாவுக்குக் காட்டலாம். செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். பீம்தால் முற்றத்தில் நின்று பார்த்தாலே போதும், இதற்குத் தொலைநோக்கி வேண்டாம்.

---

மயூர்விகார்_மகள்
17 டிசம்பர் 2024

எல்லோருக்கும் என் நன்றி. அப்பாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். தல்லிதால் மதகில் எத்தனை ஷட்டர் என்று கேட்கிறார். குமிழி விஷயத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அம்மாதான் இன்னும் இறங்கி வரவில்லை. கனுவுக்கு முதல் நாளே திரும்பிவிடலாம் என்கிறார். அப்படியானால் 14ஆம் தேதி முழுவதும் ரயிலில் போய்விடும். என்ன செய்வது?

---

கோல்மார்க்கெட்_டீச்சர்
17 டிசம்பர் 2024

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். 15ஆம் தேதி காலையில் காக்கைக்குச் சோறு வைக்கிற ஊருக்குத்தான் அவரை அழைத்துப் போகிறீர்கள்.

குமாவுனில் சங்கராந்திக்கு குகுதியா என்று பெயர். அன்று சாயங்காலம் கோதுமை மாவை வெல்லத் தண்ணீரில் பிசைந்து, திரித்து, வாள், உடுக்கை, மாதுளம்பூ என்ற உருவங்களில் 'குகுதே' செய்து எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். அதை நூலில் கோத்து, நடுவில் ஒரு ஆரஞ்சுப் பழம் வைத்து மாலையாக்குவார்கள். மறுநாள் விடியற்காலையில் பிள்ளைகள் அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிக் காக்கையைக் கூவிக் கூவி அழைப்பார்கள். முதல் பங்கு காக்கைக்கு. முதல் முறை அந்தச் சத்தத்தில் கண்விழித்தபோது நான் மன்னார்குடியில் என் பாட்டி வீட்டு முற்றத்தில் இருப்பதாகவே நினைத்தேன். அதே மறுநாள் காலை, அதே காக்கை. சரயு ஆற்றுக்கு அந்தப் பக்கத்தவர்கள் ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிடுவார்களாம்; பீம்தால் பக்கம் நம் கனுவன்றுதான்.

பெரிய ஓட்டலில் தங்காதீர்கள். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் அறை எடுங்கள். மஞ்சள் இலை கிளம்புவதற்கு முன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அரிசி, மஞ்சள்பொடி, குங்குமம், ஒரு சிறு குக்கர். வேறென்ன வேண்டும்?

சாப்பாட்டுக்கும் அம்மா பயப்பட வேண்டாம். அவர்கள் 'கஹத்' என்பது நம் கொள்ளு, 'மடுவா' ரொட்டி நம் கேழ்வரகு. மத்தியான வெயிலில் உட்கார்ந்து 'நிம்பு சான்' கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பெரிய மலை எலுமிச்சையை உரித்து, முள்ளங்கி, தயிர், வறுத்து அரைத்த பாங் (கஞ்சாச் செடி) விதை, வெல்லம் போட்டுப் பிசைவது. குளிர்காலத்தில் மட்டும்தான், அதுவும் வெயிலில் உட்கார்ந்துதான். 13ஆம் தேதி இரவு ராணிபாக்கில் ஜியாராணி திருவிழாவுக்குக் கூட்டம் சேரும், அன்று மாலைக்கு மேல் அந்த ரோட்டில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மயூர்விகார்_மகள்
18 ஜனவரி 2025

போய் வந்துவிட்டோம். சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போகும்போது ரயில் தாமதம். ஹல்த்வானி வரைக்கும் ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை, அப்பா சால்வைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். டீச்சர் சொன்ன அதே வளைவு. டாக்ஸிக்குள் சட்டென்று வெயில் விழுந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. மப்ளரை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் எடுத்த அறை அணையிலிருந்து நடக்கும் தூரம். ஞாயிறு மட்டும் மேகம், மற்ற நாளெல்லாம் நல்ல வெயில். அப்பா தினமும் 10 மணிக்கு அணைக்குப் போய்விடுவார். முதல் நாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கற்களுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புப் பூச்சை நகத்தால் கீறிப் பார்த்தார். "கல்லணைக்குப் பிறகு நம்மால் என்ன செய்ய முடியும் என்று நினைப்போம், இவனும் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான்" என்றார். இரண்டாம் நாள் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இந்தி தெரியாது. மதகுக் கதவைக் கையால் ஏற்றி இறக்கிக் காட்டி, தண்ணீர் எந்த மாதம் திறப்பார்கள் என்று இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பதை அப்பா விரலில் எண்ணிக் காட்டினார். இருமலே இல்லை.

நைனிதாலில் குமிழியைப் பார்த்தோம். படகை அங்கேயே நிறுத்தச் சொல்லி அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், படகுக்காரர் பொறுமையாக இருந்தார். நந்தாதேவி தெரிந்தது. சாஃபியில் அந்தப் பெரிய மீன்கொத்தியை மகன் பார்த்துவிட்டான். வீட்டுக்கு வந்து நான்கு படம் வரைந்திருக்கிறான், நான்கிலும் கொண்டைதான் பெரிதாக இருக்கிறது. மனோராவுக்கு இந்த முறை அனுமதி கேட்டு வாங்க நேரம் போதவில்லை. திங்கள் இரவு முற்றத்தில் நின்று அம்மாவுக்குத் திருவாதிரையைக் காட்டினோம். கைகூப்பிவிட்டு, களி செய்யவில்லையே என்றார்.

புதன் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டினார். கையில் பேரனுக்கென்று ஒரு குகுதே மாலை. அம்மா அதற்குள் குளித்து, மஞ்சள் சாதமும் சிவப்புச் சாதமும் தயிர் சாதமும் பிடித்து வைத்திருந்தார். மஞ்சள் இலை ஓரம் கொஞ்சம் வாடியிருந்தது. மொட்டைமாடிச் சுவரில் உறைபனி படிந்திருந்ததால், அந்த அம்மாள் தன் முந்தானையால் துடைத்து இடம் செய்து கொடுத்தார். ஒரு பக்கம் எங்கள் இலை, பக்கத்திலேயே அவர்களுடைய தட்டு. என் மகனும் அந்த வீட்டுப் பிள்ளைகளும் மாலையைப் போட்டுக்கொண்டு கத்தினார்கள். அம்மா தமிழில் அழைத்தார். அவர்களுடைய காக்கை நம் ஊர்க் காக்கையைவிடப் பெரிது, முழுக் கறுப்பு. முதலில் வந்து உட்கார்ந்தது எங்கள் இலையில்தான். தயிர் சாதத்தைத் தொடவில்லை, மஞ்சள் சாதத்தில் ஒரு பிடியைக் கவ்விக்கொண்டு ஏரிப் பக்கம் பறந்தது.

அடுத்த ஜனவரிக்கு அதே அறையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். டீச்சர், நீங்கள் எந்தத் தேதியில் போகிறீர்கள்?